வழுக்கைக்கு மருந்து தேடியவர்களும் தேடாமல் கண்டவர்களும்

திருகோணமலையில் ஒருவருக்கு முடி கொட்டத் தொடங்கினால் காரணம் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. கிணத்துத் தண்ணி உப்பு, கடல் காத்து, ஹெல்மெட், ஷாம்பு, இரவிரவா போன் பாக்கிறது, கனக்க யோசிக்கிறது. மருந்து சொல்லவும் பஞ்சமில்லை. அம்மம்மாவிடம் ஒரு எண்ணெய், சலூன் அண்ணையிடம் இன்னொரு எண்ணெய், பேஸ்புக்கில் ஏழே நாளில் எண்டு ஒரு விளம்பரம், கனடாவில் இருக்கிற மச்சானிடம் 'பேசாமல் துருக்கிக்குப் போ' எண்ட யோசனை. இருபது இருபத்திரண்டு வயதில் நெற்றி ஏறத் தொடங்கிய எங்கட பெடியள் இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்க்கிறார்கள். காசு போகிறது. அதைவிடக் காலம் போகிறது. வழுக்கை விசயத்தில் காலம்தான் விலை கூடிய சாமான். ஏன் என்று கீழே வரும்.

இதை ஒரு மருந்துப் பட்டியலாக எழுதியிருக்கலாம். ஆனால் வேலை செய்கிற மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், வேலை செய்யாதவற்றை மணத்திலேயே பிடித்துவிடலாம் என்று எங்களுக்குப் படுகிறது. வழுக்கைக்கு மருந்து என்று தேடிப் போனவர்கள் மூவாயிரம் வருசமாக எண்ணெய்ப் போத்தலோடுதான் திரும்பி வந்தார்கள். இன்று நம்பிப் பாவிக்கக்கூடிய இரண்டு பெரிய மருந்துகளும் வேறு வருத்தங்களுக்கு மருந்து தேடியவர்களின் கையில் தற்செயலாக அகப்பட்டவை.

எண்ணெயின் வரலாறு நீளமானது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பப்பிரசுச் சுருளில் சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, காட்டாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையில் பூசச் சொல்லியிருக்கிறது. எங்கட பக்கத்தில் கரிசலாங்கண்ணியும் நெல்லியும் தேங்காயெண்ணெயும். முதலையைப் பிடிக்கத் தேவையில்லை என்ற அளவில் எங்கட ஆக்கள் கெட்டிக்காரர். ஆயுர்வேத நூல்கள் உடம்புச் சூடு மயிர்க்காலை எரிப்பதாக விளக்கம் சொல்லின. 'சூட்டாலதான் முடி கொட்டுது, எண்ணெய் வைச்சு முழுகு' என்று இன்றைக்கும் வீட்டில் கேட்பது அந்த விளக்கத்தின் மிச்சம்தான்.

விளக்கம் பிழையாக இருந்தாலும் பார்வை கூர்மையாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வழுக்கை, புழுவெட்டு, முடி கொட்டுதல் என்று தமிழ் மூன்று சொற்களை வைத்திருக்கிறது. இன்றைய தோல் வைத்தியர் முதலில் பிரித்துப் பார்ப்பதும் ஏறக்குறைய இந்த மூன்றையும்தான்.

நாணயக்குற்றி அளவில் வட்டமாக, மழமழவென்று முடி போய்விட்டால் அது புழுவெட்டு. புழு ஒன்றும் வெட்டுவதில்லை. உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே தன் மயிர்க்கால்களை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. ஆற்றுத் தும்மட்டிக்காயை வெட்டித் தேய்த்தால் சுகமாகும் என்ற கைவைத்தியத்துக்கு இவ்வளவு பேர் எடுத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: சிறிய புழுவெட்டு அனேகருக்கு ஒரு வருசத்துக்குள் தானாகவே வளர்ந்து மூடிவிடும். பேர் காய்க்குப் போகும். மூடாதவர்களுக்கு ஸ்டீரொயிட் ஊசி உண்டு. கடுமையாகப் பரவியவர்களுக்கு 2022 இல் பாரிசிட்டினிப் என்ற குளிசையை அமெரிக்கா அனுமதித்தது. அது முதலில் மூட்டுவாதத்துக்கு வந்த மருந்து.

தலை முழுவதிலும் இருந்து கைப்பிடியாக வருவது முடி கொட்டுதல். டெங்கு, தைபொயிட், சிக்குன்குனியா, கொவிட், பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, பட்டினி டயட், பெரிய துக்கம் எதுவும் இதைத் தொடக்கலாம். ஆனால் அன்றைக்கே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதிர்ச்சியில் ஒரு கூட்டம் மயிர்க்கால்கள் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிய ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும். அதன்பிறகு பழைய முடி விழும். 2017 இல் கிண்ணியாவைப் புரட்டியெடுத்த டெங்கு மாதிரி ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஷாம்புவையும் தண்ணியையும் குற்றம் சொல்வது இதனால்தான். காய்ச்சல் அதற்குள் மறந்துபோயிருக்கும். இந்த வகைக்கு மருந்து தேவையில்லை, ஆறேழு மாதத்தில் திரும்பி வரும். இந்த ஆறேழு மாதத்துக்குள் நீங்கள் எந்த எண்ணெயை வாங்கினாலும் அது வேலை செய்யும்! எண்ணெய்க் கொம்பனிகளின் பாதிச் சாட்சிகள் இப்படி வந்தவர்கள் என்பது எங்கட சந்தேகம்.

நெற்றியின் இரண்டு பக்கமும் ஏறி, உச்சியில் வட்டம் விழுந்து, இரண்டும் மெல்ல மெல்ல ஒன்றைப் பார்த்து நடப்பது வழுக்கை. இனிப் பேசப்போவது இதைப் பற்றி.

1942 ஏப்ரல் 9 காலை நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து எழும்பிய யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் அடித்தன. எண்ணெய்த் தாங்கி எரிந்த கதை எங்கட ஊரில் எல்லாருக்கும் தெரியும். மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மிஸ் கப்பல் மூழ்கியதும் அன்றுதான். அதே 1942 இல், அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹமில்டன் என்ற உடற்கூற்றியல் ஆய்வாளர் வழுக்கைக்கு ஆண் ஹோர்மோன் அவசியம் என்று காட்டிய கட்டுரையை வெளியிட்டார். விந்தகம் இயங்காத அல்லது அகற்றப்பட்ட 104 ஆண்களை அவர் பார்த்திருந்தார். பருவமடைவதற்கு முன் அப்படியானவர்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டபோது சிலருக்கு முடி போகத் தொடங்கியது, அதுவும் குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு. ஊசியை நிறுத்தினால் முடி போவதும் நின்றது. போன முடி திரும்பவில்லை.

ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழாது என்பதைக் கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். அதைச் சோதனையாக்கி, ஹோர்மோன், பரம்பரை, வயது என்ற மூன்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவர 1942 வரை எடுத்தது. அந்த அறிவு யாருடைய உடம்பில் இருந்து வந்தது என்பதையும் மறக்க ஏலாது. அந்தக் கால அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் மனவளர்ச்சி குன்றியவர்களை நிலையங்களில் வைத்து ஆண்மை நீக்கம் செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. கான்சாஸில் அப்படிச் செய்யப்பட்டவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று ஹமில்டனே 1969 இல் ஒரு கட்டுரை எழுதினார். எங்கட நெற்றிக் கவலைக்கான பதில் இப்படியான இடங்களுக்குப் பக்கத்தில் இருந்து வந்தது என்பது எங்களுக்கு உறுத்துகிறது.

யுத்தத்தின் மறுபக்கத்தில் இன்னொரு கதை. 1939 இல் யப்பானில் ஒக்குடா என்ற தோல் வைத்தியர், சிறிய வட்டக் கத்தியால் முடியுள்ள தோலைத் துளித்துளியாக எடுத்து, தீக்காயத் தழும்பில் முடி போன இடங்களில் நட்டு வளர்த்துக் காட்டினார். இருநூறுக்கு மேற்பட்டோருக்குச் செய்து, யப்பானிய மொழியில் விரிவாக எழுதினார். அதை மேற்கு நாடுகளில் யாரும் வாசிக்கவில்லை. எங்கட துறைமுகத்தில் குண்டு போட்ட அதே யுத்தம் அந்தக் கட்டுரையையும் புதைத்துவிட்டது. நியூயோர்க்கில் நோர்மன் ஒரென்ட்றைக் 1952 இல் அதே மாதிரியான வேலையைத் தன்பாட்டில் செய்து, 1959 இல்தான் வெளியிட்டார். அவர் காட்டிய புது விசயம் முக்கியமானது: பின்தலையில் இருந்து எடுத்த முடி, வழுக்கை விழுந்த இடத்தில் நட்டாலும் பின்தலை முடியாகவே நடந்துகொள்ளும். இடம் மாறினாலும் குணம் மாறாது. இன்றைக்குத் துருக்கியில் நடக்கிற முடிநடுகை எல்லாம் இந்த ஒரு கவனிப்பின் மேல்தான் நிற்கிறது.

குணம் என்றால் என்ன? டெஸ்டோஸ்டெரோன் உடம்பில் ஒரு நொதியால் டி.எச்.டி என்ற இன்னும் வலுவான வடிவமாக மாறுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள், பரம்பரை அப்படி இருந்தால், டி.எச்.டிக்கு மசிந்து கொடுக்கும். ஒரு முடி வழமையாக இரண்டு முதல் ஆறு வருசம் வளரும். மசிந்த மயிர்க்காலில் அந்த வளர்ச்சிக் காலம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே போகும், முடியும் மெலிந்துகொண்டே போகும். கடைசியில் பூனைமயிர் மாதிரி ஒன்று மிஞ்சும். ஆகவே வழுக்கையில் முடி 'விழுவது' இல்லை, சிறுத்துப்போகிறது. சீப்பில் எத்தனை முடி என்று எண்ணுவதில் பலனில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு வரை எல்லாருக்கும் விழும். காலம்தான் விலை கூடிய சாமான் என்றதும் இதனால்தான். சிறுத்துக்கொண்டிருக்கிற மயிர்க்காலை மருந்தால் பிடித்து நிறுத்தலாம், கொஞ்சம் தடிப்பிக்கவும் செய்யலாம். பத்து வருசமாகப் பளபளக்கிற உச்சியில் மருந்து செய்வதற்கு அனேகமாக ஒன்றும் மிஞ்சியிராது.

'தாய்மாமன்ர தலையைப் பார்' என்பார்கள். பாதி சரி. ஆண் ஹோர்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் வருவது தாயிடம் இருந்து மட்டுமே. மிச்சப் பாதி அப்பாவிடம் இருந்தும் வரலாம். 2017 இல் பிரித்தானியாவில் 52,000 ஆண்களின் தரவை வைத்துச் செய்த ஆய்வு, வழுக்கையோடு தொடர்புடைய 287 மரபணு இடங்களைக் கண்டது. அதில் 40 மட்டும் எக்ஸில். மாமனை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை.

இனி மருந்துகள். அமெரிக்காவின் அப்ஜோன் கொம்பனி மினொக்சிடில் என்ற இரசாயனத்தை முதலில் குடற்புண்ணுக்காக ஆராய்ந்தது. அதற்குச் சரிவரவில்லை, ஆனால் இரத்தக் குழாய்களை விரித்துப் பிரஷரைக் குறைத்தது. 1970களின் தொடக்கத்தில் கொலராடோவில் பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு பெண்ணுக்கு வேண்டாத இடமெல்லாம் முடி வளர்ந்தது. ஆலோசனைக்குக் கூப்பிடப்பட்ட தோல் வைத்தியர் குன்ரர் கானும் அவருடைய இளம் சகா போல் கிறான்ரும் அதை மதுசாரக் கரைசலாக்கித் தங்கள் கைகளிலேயே பூசினார்கள். பூசின இடத்தில் முடி வந்தது. பிறகு காப்புரிமை யாருக்கு என்று கொம்பனியோடு வருசக்கணக்கில் இழுபறி. கடைசியில் கானின் பெயரும் சேர்ந்தது. 1979 இல் பிரஷர் குளிசையாக வந்த மருந்து, 1988 இல் தலையில் பூசும் மருந்தாக அனுமதி பெற்றது. அடுத்த வருசம், 1989 இல், அமெரிக்க மருந்து நிர்வாகம் வைத்தியர் சீட்டில்லாமல் விற்கப்பட்ட முடிவளர்ச்சிப் பூச்சுகள் எதற்கும் ஆதாரம் இல்லை என்று தீர்மானித்துச் சந்தையை விட்டு எடுக்கச் சொன்னது. நூறு வருசத்து எண்ணெய்ப் போத்தல்கள் ஒரு உத்தரவில் போயின.

மற்றக் குளிசையின் கதை டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் பிள்ளை போலத் தெரிவார்கள், பெண்ணாகவே வளர்வார்கள், பருவ வயதில் உடம்பு ஆணாக மாறும். ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லி என்ற வைத்தியர் 1974 இல் காரணத்தை வெளியிட்டார்: டெஸ்டோஸ்டெரோனை டி.எச்.டியாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு. வளர்ந்தபிறகும் அவர்களின் புரோஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, நெற்றி முடியும் ஏறவில்லை. மேர்க் கொம்பனியின் கண்ணில் பட்டது புரோஸ்டேட். வயதானவர்களின் சலத்தடைக்கு அந்த நொதியைத் தடுக்கும் பினாஸ்டரைட்டை 5 மில்லிகிராமில் 1992 இல் கொண்டுவந்தார்கள். 1 மில்லிகிராம் வழுக்கைக் குளிசை 1997 இல் பின்னால் வந்தது. சலினாஸ் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பலர் வேடிக்கைக் கதை மாதிரிப் பேசுவார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் ஊரில் கேலிப் பேர் வாங்கி வாழ்ந்த வாழ்க்கையில் இருந்துதான் இரண்டு மருந்துகள் வந்தன.

இனித் தெரிவுக்கு வருவோம். முதல் வேலை, எது என்று கண்டுபிடிப்பது. அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காட்டக் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பெண்களுக்கும் பரம்பரை வழுக்கை வரும், நெற்றி ஏறாமல் வகிடு அகலமாகும். ஆனால் அதற்கு முன் இரும்புச்சத்தும் தைரொயிட்டும் இரத்தத்தில் பார்க்கவேண்டும். அதைப் பார்க்காமல் சீரம் வாங்குவது ஓட்டைச் சட்டியில் தண்ணி ஊற்றுவது.

வழுக்கைதான் என்று தெரிந்தால், மினொக்சிடில் பூசலாம். தொடங்கி முதல் சில கிழமைகளில் முடி கூடக் கொட்டும். அதுதான் பலர் பயந்து விடுகிற இடம், விடக்கூடாத இடமும் அதுதான். நாலு முதல் ஆறு மாதத்துக்கு முன் தீர்ப்புச் சொல்ல ஏலாது. நிறுத்தினால் கிடைத்தது சில மாதங்களில் போகும்.

பினாஸ்டரைட் ஆண்களில் வலுவானது. 18 முதல் 41 வயதான 1,553 பேரை வைத்துச் செய்த ஆய்வில் இரண்டு வருசம் கழித்து, குளிசை எடுத்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு முடியின் எண்ணிக்கை குறையவில்லை. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 28 சதவீதம். பாலுறவு சம்பந்தமான பக்க விளைவு 3.8 சதவீதத்தினருக்கு வந்தது. வெற்றுக் குளிசைக்காரரில் 2.1. அனேகருக்கு நிறுத்தினால் போய்விடும். நிறுத்திய பின்னும் தொடர்ந்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், 2012 இல் அமெரிக்கா அதை மருந்தின் குறிப்பில் சேர்த்தது. தற்கொலை எண்ணம் வரலாம் என்பதை 2025 இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் பக்க விளைவாக உறுதிசெய்தது. மனச்சோர்வு இருந்த ஒருவர் இதை வைத்தியரிடம் சொல்லாமல் பாமசியில் நேராக வாங்கி விழுங்குவது விளையாட்டில்லை. கர்ப்பிணிகள் உடைந்த குளிசையைத் தொடவே கூடாது. வயிற்றில் உள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும்.

கரிசலாங்கண்ணிக்கு எலியில் ஆய்வுகள் உண்டு, முடி வேகமாக வளர்ந்தது என்று. ஆனால் எலிக்கு எங்கட மாதிரி வழுக்கை விழுவதில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாக இருக்கிறது. மனுசரில், வெற்று எண்ணெயோடு ஒப்பிட்டு, ஒழுங்காக ஒரு ஆய்வு அங்கிருந்து வந்தால் முதலில் வாசிக்கப்போவது நாங்கள்தான். அதுவரைக்கும் எண்ணெய் தலைக்கு இதம், அம்மம்மாவின் கை இன்னும் இதம், வழுக்கைக்கு மருந்து இல்லை. நேர்த்திக்கு மொட்டையடித்தால் தடிப்பாக வளரும் என்பதும் இல்லை. சவரம் முடியின் வேகத்தையோ தடிப்பையோ மாற்றுவதில்லை என்று மில்ட்ரெட் டிரொட்டர் 1928 இலேயே அளந்து எழுதிவிட்டார். கோணேசருக்கு அடிக்கிற மொட்டை கோணேசருக்கே. தமிழ் டிவியில் வரும் எண்ணெய் விளம்பரங்களைப் பற்றி ஒரு தகவல்: இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில், குணமாக்குவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாத வருத்தங்களின் வரிசையில் வழுக்கையும் இருக்கிறது. அதனால்தான் விளம்பரக்காரர் 'வழுக்கை' என்ற சொல்லைத் தொடாமல் சுற்றிச் சுற்றி 'அடர்த்தி' என்கிறார்.

முடிநடுகை கடைசி. பின்தலை முடி ஒரு வங்கிக் கணக்கு மாதிரி, போட ஏலாது, எடுக்க மட்டும் ஏலும். இருபத்திரண்டு வயதில் நெற்றிக்கு எல்லாத்தையும் எடுத்துச் செலவழித்தால், முப்பத்தைந்தில் உச்சி திறக்கும்போது கையில் ஒன்றும் இராது. முன்னுக்கு ஒரு தீவு, பின்னுக்குக் கடல் என்று நிற்க வேண்டி வரும். இன்னொரு விசயம், அது சத்திரசிகிச்சை. 2016 மே மாதம் சென்னையில் முடிநடுகை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் இரண்டு நாளில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் அனுமதி மட்டும்தான் என்று பிறகு செய்திகள் வந்தன. படிச்ச பெடியன், வைத்தியனாகப் போகிறவன், அவனுக்கே அப்படி. கொழும்பானாலும் சென்னையானாலும் துருக்கியானாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: மயக்க மருந்து கொடுப்பது யார், கத்தி பிடிப்பது யார், இருவரும் பதிவு செய்த வைத்தியர்களா? பதில் தர இழுத்தால் எழும்பி வந்துவிடுங்கோ.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் கட்டையாக வெட்டிக்கொண்டு திரிவதும் கூடத் தெரிவுகள்தான், அவற்றுக்குப் பக்க விளைவு இல்லை. மருந்து எண்டு முடிவெடுத்தால், தொடங்குகிற நாளே உச்சியையும் நெற்றியையும் ஒரு படம் எடுத்து வையுங்கோ. பகல் நேரம், ஒரே ஜன்னல், ஈரமில்லாத தலை, எண்ணெய் இல்லாமல். அடுத்த படம் மூன்றாம் மாதம், அதற்கடுத்தது ஆறாம் மாதம். இடையில் கண்ணாடி சொல்வதையும் சலூன் அண்ணை சொல்வதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.